வெற்றிடம் செய்தவர்கள் – 9: இரண்டு டிகிரியில் ஒரு முகடு

சென்ற வாரம் வர்ஜீனியாவில் நிறுத்தினோம். 1988இல் மார்க் டேவிஸின் குழு விபிஐ-5 என்ற பொருளைச் செய்து, 1.2 நானோமீட்டர் அகலமுள்ள துளையைக் காட்டியிருந்தது. ஜியோலைட் ஆய்வாளர்கள் பல காலம் முட்டிக்கொண்டு நின்ற எல்லை அன்று உடைந்தது.

ஆனாலும் ஒரு கணக்கு இடித்துக்கொண்டே இருந்தது. 2 நானோமீட்டருக்குக் குறைந்தவற்றை நுண்துளை என்றும், 2 முதல் 50 வரை உள்ளவற்றை இடைத்துளை என்றும் வகை பிரிப்பது வழக்கம். முதல் வகையில் ஒழுங்கான பொருள்கள் நிறைய இருந்தன. இரண்டாம் வகையில் சிலிக்கா ஜெல் போன்றவை இருந்தன; அவற்றில் ஒரு துளை போல் இன்னொன்று இருக்காது.

2 நானோமீட்டரைத் தாண்டவும் வேண்டும், எல்லாத் துளையும் ஒரே அளவில் இருக்கவும் வேண்டும் என்றால், கடையில் சரக்கு இல்லை.

அந்த இடத்தை நிரப்பியது யார் என்று கேட்டிருந்தோம். பாடப்புத்தகம் சொல்லும் பதில்: அமெரிக்காவின் மொபில் நிறுவனம், 1992. அந்தப் பதில் எவ்வளவு தூரம் சரி என்பதுதான் இந்த வாரக் கதை.

* * *

பருத்த மூலக்கூறு, குறுகிய வாசல்

நியூ ஜெர்சி மாநிலத்தில் டெலவேர் ஆற்றங்கரையில் உள்ள சிற்றூர் பால்ஸ்பரோ. அங்கே மொபில் எண்ணெய் நிறுவனத்துக்கு ஓர் ஆய்வகம் இருந்தது, பிரின்ஸ்டனில் இன்னொன்று. 1962இல் கச்சா எண்ணெயைப் பிளக்கும் வேலைக்கு ஜியோலைட்டை இறக்கியதும், பிறகு இசட்எஸ்எம்-5ஐக் கண்டுபிடித்ததும் இதே நிறுவனத்தார்தான் என்பதை முந்தைய பகுதிகளில் பார்த்தோம்.

1980களின் கடைசியில் அவர்களுக்கு இருந்த தலைவலி அடிக்கசடு. கச்சா எண்ணெயைக் காய்ச்சி பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் எல்லாம் வடித்தெடுத்த பிறகு அடியில் தங்கும் கனத்த பகுதி அது. அதையும் பிளந்தால் மேலும் பெட்ரோல் கிடைக்கும். ஆனால் பிளக்கும் வேலையைச் செய்யும் ஒய் வகை ஜியோலைட்டின் வாசல் அகலம் 0.74 நானோமீட்டர். கசடின் பருத்த மூலக்கூறுகள் வாசலிலேயே நின்றுவிடும். உள்ளே இருக்கும் அமில மையங்களுக்கு வேலையே இருக்காது.

வாசலை அகலமாக்க எல்லாருக்கும் முதலில் தோன்றும் வழி, ஜியோலைட் வளரும்போது நடுவில் அச்சாக நிற்கும் கரிம மூலக்கூறைப் பெரிதாக்குவது. பலர் முயன்றார்கள். மூலக்கூறு பெருத்தால் ஒன்று, நீரில் கரைய மறுத்தது. இல்லையென்றால், சிலிக்கா அதைச் சுற்றிப் படிகமாக மறுத்தது.

சார்லஸ் கிரெஸ்கே, வீஸ்லாவ் ரோத் இருவரும் வேறு பக்கத்திலிருந்து வந்தார்கள். சில ஜியோலைட்டுகள் உருவாகும் வழியில் மெல்லிய தாள்களாக அடுக்கி நிற்கும். அந்தத் தாள்களை விலக்கி நடுவில் சிலிக்காத் தூண்களை நட்டுவிட்டால், அகலமான இடம் தானாகக் கிடைக்கும். தாள்களை விலக்குவதற்கு நீண்ட வாலுள்ள சோப்பு மூலக்கூறுகளை இடையில் நுழைக்க வேண்டும்.

அவர்கள் கையில் எடுத்தது செட்டில்டிரைமெத்தில்அம்மோனியம். பெயர்தான் நீளம், ஆள் நமக்குப் பழக்கமானவர். சாவ்லானில் இருக்கும் செட்ரிமைடு இதே குடும்பம். தலைமுடிக்குப் போடும் கண்டிஷனர்களிலும் இதன் உறவுக்காரர்கள் உண்டு. 16 கார்பன் கொண்ட வால் நீரைக் கண்டால் ஒதுங்கும். நேர்மின்சுமை ஏறிய தலை நீரோடு ஒட்டும்.

சிலிக்கா, காரம், சோப்பு, வெப்பம் நான்கும் ஒரே கலத்தில் சேர்ந்தன. தாள்கள் விலகின. கூடவே, அவர்கள் தேடாத ஒன்றும் விளைந்தது.

* * *

கருவியின் ஓரத்தில்

பார்வைக்கு வெறும் வெள்ளைப் பொடி. சோப்பை எரித்து நீக்கிவிட்டு உட்பரப்பை அளந்தால், ஒரு கிராமுக்கு 1,000 சதுர மீட்டர் அளவில் வந்தது. சென்னைக் கணக்கில் நாலரை கிரவுண்டு, ஒரே ஒரு கிராமுக்குள். இசட்எஸ்எம்-5இல் இதில் பாதிகூட வராது.

உட்பரப்பு இவ்வளவு பெரிது என்றால் துளைகள் இருக்கின்றன என்று அர்த்தம். அவை ஒழுங்காக இருக்கின்றனவா என்பதை எக்ஸ் கதிர்தான் சொல்ல வேண்டும்.

இங்கே சற்று நிதானிப்போம். இந்தத் தொடரின் பெரிய திருப்பங்களில் ஒன்று ஒரு காகிதத் தாளின் இடது ஓரத்தில் நடக்கிறது.

பொடியின் மேல் எக்ஸ் கதிரைச் செலுத்தினால், அது குறிப்பிட்ட சில கோணங்களில் மட்டும் பலமாகச் சிதறும். வரைபடத்தில் அவை முகடுகளாகத் தெரியும். பொருளுக்குள் திரும்பத் திரும்ப வரும் இடைவெளி பெரிதாக ஆக, முகடு சிறிய கோணத்தை நோக்கி நகரும். இசட்எஸ்எம்-5இன் முதல் முகடு 8 டிகிரிக்குப் பக்கத்தில் வரும். விபிஐ-5இன் முதல் முகடு 5.4 டிகிரியில்.

பால்ஸ்பரோவில் செய்த பொருளின் முகடு, 2 டிகிரியைச் சற்றே தாண்டிய இடத்தில் நின்றது.

அதைத் தவறவிடுவது மிகச் சுலபம். அவ்வளவு சிறிய கோணத்தில், பொடியில் படாமல் நேராக வரும் கதிரே கருவியைத் திணறடித்துவிடும். ஜியோலைட் வேலை செய்பவர்கள் அந்தப் பகுதியை விட்டுவிட்டு, சில டிகிரி தள்ளிப் பதிவைத் தொடங்குவதுதான் வழக்கம். அப்படித் தொடங்கியிருந்தால் வரைபடத்தில் குறிப்பிட்டுச் சொல்ல எதுவும் இருந்திருக்காது. 'படிகமாகவில்லை' என்று எழுதிவிட்டுப் பொடியைக் கொட்டியிருக்கலாம்.

2 டிகிரி என்பதை இடைவெளியாக மாற்றினால் 4 நானோமீட்டர் வருகிறது. ஒரே ஒரு முகட்டை வைத்து எந்த அமைப்பையும் உறுதி செய்ய முடியாது. ஆனால் நன்றாக விளைந்த மாதிரிகளில், பெரிய முகட்டுக்குப் பின்னால் மூன்று சிறு முகடுகள் இருந்தன. நான்கின் இடைவெளிகளையும் வரிசையாக எழுதினால்: 4.0, 2.3, 2.0, 1.5 நானோமீட்டர்.

முதல் எண்ணை மற்ற மூன்றாலும் வகுத்துப் பாருங்கள். ஏறக்குறைய 1.73, 2, 2.65 என்று வரும். மூன்று, நான்கு, ஏழு ஆகிய எண்களின் வர்க்கமூலங்கள் இவை. அறுகோண ஒழுங்கில் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கும் உருளைகள் தரும் வரிசை இது.

எலக்ட்ரான் நுண்ணோக்கி அதை நேரடியாகவே காட்டிவிட்டது. எங்கு பார்த்தாலும் வட்ட வாய்கள், ஒவ்வொன்றையும் சுற்றி ஆறு, எல்லாம் ஒரே அளவு.

ஒரு விசித்திரமும் இருந்தது. 10 டிகிரிக்கு மேல் கூர்மையான முகடு ஒன்றுகூட இல்லை. அதாவது, துளைகள் அணிவகுத்து நிற்கின்றன. துளைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் அணுக்கள் ஒழுங்கில்லாமல் கிடக்கின்றன. ஜியோலைட்டில் அணுவுக்கு அணு ஒழுங்கு. இதில் துளைக்குத் துளை மட்டுமே ஒழுங்கு. இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு இதுதான் காலை வாரப்போகிறது.

* * *

அச்சாக நின்றது யார்?

ஜியோலைட்டில் ஒரு மூலக்கூறைச் சுற்றி ஒரு துளை உருவாகும். இங்கே ஒரு கூட்டமே அச்சாக நின்றது.

நீரில் சோப்பு மூலக்கூறுகள் ஓர் அளவுக்கு மேல் சேர்ந்தால், வால்களை உள்ளே மறைத்துத் தலைகளை வெளியே நீட்டித் திரளும். இந்தத் திரளுக்கு மைசெல் என்று பெயர். சூழ்நிலையைப் பொறுத்து அது உருண்டையாகவும் இருக்கும், நீண்ட கோலாகவும் இருக்கும். காரத்தில் கரைந்த சிலிக்காவுக்கு எதிர்மின்சுமை. சோப்பின் தலைக்கு நேர்மின்சுமை. சிலிக்கா கோலைச் சுற்றி அப்பிக்கொள்கிறது. பிறகு பக்கத்திலுள்ள சிலிக்காவோடு கைகோத்து இறுகுகிறது. கோல்கள் அறுகோணமாக அடுக்கிக்கொள்கின்றன.

வடிகட்டி, உலர்த்தி, 540 டிகிரி செல்சியஸில் சுட்டால் சோப்பு எரிந்து போய்விடும். கோல் இருந்த இடம் சுரங்கமாக மிஞ்சும்.

இந்த முறையின் உண்மையான பலம் அடுத்த படியில் தெரிந்தது. வாலில் 16 கார்பன் இருக்கும் சோப்புக்குப் பதில் 12 கார்பன் உள்ளதைப் போட்டால் துளை சிறுத்தது. மெசிட்டிலீன் என்ற எண்ணெய் போன்ற திரவத்தைக் கொஞ்சம் சேர்த்தால், அது வால்களுக்கு நடுவே போய் உட்கார்ந்து மைசெல்லை உப்பவைத்தது, துளை பெருத்தது. 1.5 நானோமீட்டரிலிருந்து 10 வரை, வேண்டிய அளவைச் சொல்லிச் செய்ய முடிந்தது. ஜியோலைட் வரலாற்றில் துளை கிடைத்ததே தவிர, யாரும் அளவு சொல்லி வாங்கியதில்லை.

சோப்புக்கும் சிலிக்காவுக்கும் உள்ள விகிதத்தை மாற்றியபோது உடன்பிறப்புகளும் வெளிவந்தன. அறுகோண ஒழுங்கில் இருந்தது எம்சிஎம்-41. கனசதுர ஒழுங்கில் மூன்று திசையிலும் வளைந்து ஓடும் சுரங்கங்கள் கொண்டது எம்சிஎம்-48. தாள் தாளாக இருந்தது எம்சிஎம்-50. சோப்பை எரித்ததும் தாங்க ஆளில்லாமல் சரிந்துவிடும் பிள்ளை அது. மொத்தக் குடும்பத்துக்கும் எம்41எஸ் என்று பெயர் வைத்தார்கள்.

கம்பெனி ஆய்வகம் அல்லவா, முதலில் காப்புரிமை. ஜெஃப்ரி பெக் பெயரில் ஒன்று 1991 அக்டோபரில் வழங்கப்பட்டது. ஓராண்டு கழித்து, 1992 அக்டோபர் 22ஆம் தேதியிட்ட 'நேச்சர்' இதழில் கட்டுரை வந்தது. கிரெஸ்கே, மைக்கேல் லியோனோவிச், ரோத், ஜேம்ஸ் வார்டுலி, பெக் என்று ஐந்து பெயர்கள். மூன்றே பக்கங்கள். அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் அதை மேற்கோள் காட்டிய கட்டுரைகள் பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டன.

* * *

டோக்கியோ, 1990

மொபில் கட்டுரைக்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, ஜப்பானிய வேதியியல் கழகத்தின் இதழில் ஒரு கட்டுரை வெளியாகியிருந்தது. எழுதியவர்கள் வசேடா பல்கலைக்கழகத்தின் யனாகிசவா, ஷிமிசு, குரோடா, கட்டோ.

அவர்கள் எடுத்துக்கொண்டது கானமைட். சாட் ஏரிக்கு அருகே கானெம் வட்டாரத்தில் கிடைத்ததால் அந்தப் பெயர். சோடியமும் சிலிக்காவும் கொண்ட தாள்கள் அடுக்கடுக்காக இருக்கும் கனிமம். ஒவ்வொரு தாளும் மிக மெல்லியது, எளிதில் வளையும். அதற்குள் இதே வகைச் சோப்பை நுழைத்துச் சூடாக்கினார்கள். தாள்கள் வளைந்து, தொட்டுக்கொண்ட இடங்களில் ஒட்டிக்கொண்டன. சோப்பை எரித்த பிறகு 2 முதல் 4 நானோமீட்டர் வரையிலான துளைகள். கிராமுக்கு ஏறக்குறைய 900 சதுர மீட்டர் உட்பரப்பு. சோப்பின் வால் நீண்டால் துளையும் அகலும் என்பதையும் அவர்கள் பார்த்துவிட்டார்கள்.

அப்படியானால் முதலிடம் டோக்கியோவுக்குத்தானே?

துளை விஷயத்தில் ஆம். ஒழுங்கு விஷயத்தில் வழக்கு இழுக்கும். அறுகோண அடுக்கைத் தெளிவாகக் காட்டும் முகடுகளும் படங்களும் அந்தக் கட்டுரையில் இல்லை. 1993இல்தான், டொயோட்டாவின் மத்திய ஆய்வகத்தைச் சேர்ந்த இனாகாகி, ஃபுகுஷிமா இருவரும் குரோடாவுடன் சேர்ந்து, கானமைட்டிலிருந்து அறுகோண ஒழுங்குள்ள பொருளைச் செய்து காட்டினார்கள். எஃப்எஸ்எம்-16 என்று அதற்குப் பெயர். அதற்குள் நியூ ஜெர்சியின் பெயர் உலகெங்கும் பரவிவிட்டது.

இருந்தாலும் இன்று இத்துறையின் வரலாற்றை எழுதுபவர்கள் இரண்டு ஊர்களின் பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள். ஒருவரைப் பார்த்து மற்றவர் செய்ததல்ல. இரண்டும் தனித்தனி வழி.

கதை இதோடு முடிந்திருந்தால் பங்கு பிரிப்பது சுலபம்.

* * *

விளக்குக் கம்பெனியின் பொடி

1997இல் பிரான்ஸின் மோன்பெலியே நகரிலிருந்து ஒரு சிறு கட்டுரை வந்தது. டி ரென்சோவும் அவருடன் பணியாற்றிய இருவரும் ஒரு பழைய அமெரிக்கக் காப்புரிமையைத் தோண்டி எடுத்திருந்தார்கள்.

விண்ணப்பித்த ஆண்டு 1969. வழங்கப்பட்டது 1971 ஜனவரியில். உரிமையாளர், மின்விளக்குகளுக்குப் பேர்போன சில்வேனியா நிறுவனம். கண்டுபிடிப்பாளர்கள் சியோலா, ரிட்ஸ்கோ, வாண்டர்பூல். தலைப்பு, எடை குறைந்த சிலிக்காப் பொடி செய்யும் முறை பற்றியது.

செய்முறையைப் படித்தால் திகைப்பாக இருக்கும். அம்மோனியா கலந்த நீர், நேர்மின்சுமையுள்ள சோப்பு, சிலிக்காவுக்கு மூலமாக எத்தில் சிலிகேட். கலக்கி, வடிகட்டி, சுட வேண்டும். இன்று கல்லூரி ஆய்வகங்களில் எம்சிஎம்-41 செய்யும் மாணவர்கள் ஏறக்குறைய இதைத்தான் செய்கிறார்கள்.

மோன்பெலியே குழு அந்தக் குறிப்பை அப்படியே பின்பற்றிப் பொடியைச் செய்து, நவீன கருவிகளில் வைத்தது. வந்தது எம்சிஎம்-41தான். 28 ஆண்டு பழைய சமையல் குறிப்பிலிருந்து அச்சு அசலாக அதே பொருள்.

சில்வேனியாவின் மூவருக்கும் கண் இல்லையா? அப்படிச் சொல்வது அநியாயம். அவர்களுக்கு வேண்டியது இலேசான பொடி. எத்தனை கன அளவுக்கு எவ்வளவு எடை என்று அளந்தார்கள், நினைத்ததைவிடவும் இலேசாக வந்தது, வேலை முடிந்தது. பொடி ஏன் இலேசாக இருக்கிறது என்ற கேள்வி அவர்களுடைய மேசைக்கு வரவேண்டிய அவசியமே இல்லை. துளையின் வாசல் அகலத்துக்காக 30 ஆண்டு தலையை உடைத்துக்கொண்ட நிறுவனத்தில்தான் 2 டிகிரி முகட்டுக்கு மதிப்பு இருந்தது. அதே முகடு விளக்குக் கம்பெனியின் கருவியில் விழுந்திருந்தாலும், அதைக் கொண்டு அவர்கள் செய்வதற்கு ஒன்றும் இருந்திருக்காது.

கலத்தில் விளைந்தது ஒரே வகைப் பொருள். 1971இல் அதை எடை போட்டார்கள். 1990இல் துளையை அளந்தார்கள். 1992இல்தான் துளை, ஒழுங்கு, அளவை மாற்றும் வழி மூன்றும் ஒரே கட்டுரையில் சேர்ந்தன. பாடப்புத்தகத்தின் பதில் அந்த அளவுக்குச் சரி.

* * *

கோல் முதலா, சுவர் முதலா?

மொபில் கட்டுரையின் தலைப்பிலேயே ஒரு வாதம் இருந்தது: திரவப் படிகத்தை அச்சாகக் கொண்டு இது உருவாகிறது என்று. சோப்பின் கோல்கள் முதலில் அறுகோணமாக அடுக்கி நிற்கின்றன. சிலிக்கா பின்னால் வந்து இடுக்குகளை நிரப்புகிறது. கேட்க அழகாக இருக்கிறது.

ஆனால் இந்தச் சோப்பு தனியாக நீரில் அறுகோணத் திரவப் படிகமாக வேண்டுமென்றால், கரைசலில் கால் பங்குக்கு மேல் சோப்பு இருக்க வேண்டும். எம்சிஎம்-41 அதைவிட மிகக் குறைந்த சோப்பிலும் விளைந்தது. இல்லாத அச்சில் எப்படி வார்ப்பது?

சென்ற வாரக் கதாநாயகர் மார்க் டேவிஸ் இங்கே மறுபடி வருகிறார். 1993இல் அவருடைய குழு, வினை நடக்கும்போதே அணுக்கருக் காந்த ஒத்ததிர்வுக் கருவியால் கலத்துக்குள் எட்டிப் பார்த்தது. அறுகோணத் திரவப் படிகம் எந்தக் கட்டத்திலும் தெரியவில்லை. தனித்தனிக் கோல்கள் முதலில் சிலிக்காவைப் போர்த்திக்கொள்கின்றன, பிறகுதான் ஒன்றுகூடுகின்றன என்பது அவர்களின் முடிவு.

அதே ஆண்டு கலிபோர்னியாவின் சான்டா பார்பராவில் கேலன் ஸ்டக்கியின் குழு இன்னும் ஒரு படி போனது. அச்சு, வார்ப்பு என்று பிரிப்பதே தவறு. சோப்பும் சிலிக்காவும் ஒன்றையொன்று இழுத்து, மின்சுமையைச் சமன் செய்துகொண்டே சேர்ந்து வடிவெடுக்கின்றன. முதலில் தாள்களாக இருந்ததுகூடச் சிலிக்கா இறுக இறுக அறுகோணமாக மாறலாம் என்றார்கள். நியாயமாகச் சொன்னால், சிலிக்காவே கோல்களை ஒழுங்குபடுத்தலாம் என்ற இரண்டாவது வழியையும் மொபில் குழு 1992லேயே எழுதி வைத்திருந்தது.

பிறகு 1995இல் ஆட்டர்டும் மற்றவர்களும் சோப்பை வேண்டுமென்றே செறிவாக எடுத்து, திரவப் படிகத்தை முதலில் உருவாக்கி, அதற்குள் சிலிக்காவை வார்த்துக் காட்டினார்கள். அந்த வழியும் நடக்கிற வழிதான் என்று ஆயிற்று.

இந்தச் சண்டையால் ஒரு பெரிய இலாபம் விளைந்தது. பிடிமானம் மின்சுமையில் இருக்கிறது என்றால், சுமைகளை இடம் மாற்றிப் பார்க்கலாமே? 1994இல் ஸ்டக்கி குழு அதைத்தான் செய்தது. கடும் அமிலத்தில் சிலிக்காவுக்கும் நேர்மின்சுமை வந்துவிடும். சோப்பின் தலையும் நேர். இரண்டும் விலக வேண்டும். நடுவில் ஒரு குளோரைடு அயனி உட்கார்ந்து இரண்டு பக்கமும் கையைப் பிடித்துக்கொண்டால் விலகாது. அந்தச் சமரசத்தில் புதிய பொருள்கள் பிறந்தன.

அமிலம், குளோரைடு. இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

* * *

நீராவி

மொபில் இதையெல்லாம் தொடங்கியது அடிக்கசடைப் பிளக்கத்தான். அது என்னவாயிற்று?

எண்ணெய் பிளக்கும் ஆலையில் வினையூக்கியின் வாழ்க்கை கொடூரமானது. சில விநாடிகள் எண்ணெயோடு வேலை. அதற்குள் மேலெல்லாம் கரி படிந்துவிடும். உடனே பக்கத்து உலைக்குப் போய், 700 டிகிரிக்கு மேல், நீராவி சூழக் கரியை எரித்துவிட்டுத் திரும்ப வேண்டும். ஓய்வே கிடையாது.

எம்சிஎம்-41இன் சுவர் தடிமன் 1 நானோமீட்டர் அளவுதான். சில அணு அடுக்குகள். அந்த அடுக்குகளிலும் அணுக்கள் ஒழுங்கில்லாமல் கிடக்கின்றன என்று பார்த்தோம். உலர்ந்த சூட்டை அது தாங்கும். நீராவி சிலிக்கான், ஆக்சிஜன் பிணைப்புகளை ஒவ்வொன்றாக அறுத்துவிடும். கொதிநீரில் நெடுநேரம் வைத்தாலே துளைகளின் ஒழுங்கு குலையும்.

அமிலமும் போதவில்லை. அலுமினியத்தைச் சேர்த்தால் பிளக்கும் தன்மை வரும். ஆனால் ஒழுங்கற்ற சுவரில் உட்காரும் அலுமினியத்துக்கு ஜியோலைட்டின் வீரியம் கிடையாது. 1996இல் ஸ்பெயினின் வலென்சியாவில் அவெலினோ கோர்மாவின் குழு, எம்சிஎம்-41ஐயும் ஆலைகளில் ஓடும் ஒய் வகை ஜியோலைட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீராவியில் சோதித்தது. கடும் நீராவிக்குப் பிறகு எம்சிஎம்-41இன் கட்டமைப்பு சரிந்துவிட்டது. ஜியோலைட் நின்றது.

எதற்காகத் தேடினார்களோ, அதற்கு உதவவில்லை.

நீராவி இல்லாத இடங்களில் மட்டும் அதற்குக் கிராக்கி கூடிக்கொண்டே போனது. சுவரில் டைட்டானியத்தை வைத்தால், பருத்த கரிம மூலக்கூறுகளை மிதமான சூட்டில் ஆக்சிஜனேற்றம் செய்தது. கோர்மா குழுவே 1994இல் இதைக் காட்டியது. 1997இல் அமெரிக்காவின் பசிபிக் வடமேற்கு தேசிய ஆய்வகம், துளைகளின் உட்சுவர் முழுக்கக் கந்தகம் கொண்ட மூலக்கூறுகளைப் புல் போல் நட்டது. பாதரசத்துக்குக் கந்தகம் என்றால் உயிர். அசுத்த நீரைப் பொடியோடு கலந்தால் பாதரசம் துளைக்குள் போய் ஒட்டிக்கொண்டது. 2001இல் மாட்ரிடில் மரியா வாயெட்-ரெகியின் குழு அதே துளைகளில் இபுப்ரோஃபென் மாத்திரை மருந்தை நிரப்பி, அது மெதுவாகக் கசிந்து வெளிவருவதைக் காட்டியது. எண்ணெய்க்காரர்கள் கனவிலும் நினைக்காத வேலை. அந்தக் கிளைக்கதைக்குத் தனி வாரம் வேண்டும்.

* * *

மிச்சிகனில் கிடைத்ததும் கிடைக்காததும்

இப்போது 1990களின் நடுப்பகுதியில் நிற்கிறோம். எல்லாருக்கும் தெரிந்த குறை, சுவர் மெல்லியது என்பது. எல்லாரும் கேட்ட கேள்வி, அதை எப்படித் தடிப்பாக்குவது என்பது.

சோப்பின் வாலை நீட்டிக்கொண்டே போக முடியாது. ஓர் அளவுக்கு மேல் நீரில் கரையாது. மின்சுமையுள்ள சோப்பு இருக்கும்வரை, சுமையைச் சமன் செய்யத் தேவையான அளவுக்கு மட்டுமே சிலிக்கா வந்து ஒட்டும், சுவர் தடிக்காது.

மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் தாமஸ் பின்னவையா அதனால் மின்சுமையையே தூக்கி எறிந்தார். 1995இல் அவருடைய குழு, சுமை ஏறாத அமீன்களையும், பிறகு பாலிஎத்திலீன் ஆக்சைடு வகை மூலக்கூறுகளையும் அச்சாகப் பயன்படுத்தியது. நடுநிலையான கரைசல், மலிவான பொருள்கள். சுவர்கள் தடித்தன.

ஆனால் வரைபடத்தில் அந்த அழகான நான்கு முகடுகள் இல்லை. பெரிய முகடு ஒன்று மட்டும், அதுவும் அகன்று கிடந்தது. நுண்ணோக்கியில் பார்த்தால், சுரங்கங்கள் ஒரே அகலத்தில் இருந்தாலும், புழு அரித்த பலகை போல் கண்டபடி வளைந்து ஓடின. சுவர் வலுத்தது, அணிவகுப்பு கலைந்தது.

மின்சுமை இருந்தால் ஒழுங்கு வருகிறது, சுவர் மெலிகிறது. மின்சுமை இல்லாவிட்டால் சுவர் தடிக்கிறது, ஒழுங்கு போகிறது. இரண்டையும் ஒருசேரப் பெறும் வழி எவர் கையிலும் இல்லை.

இந்த நேரத்தில், சீனாவிலிருந்து வந்த ஜாவோ டோங்யுவான் என்ற இளம் ஆய்வாளர் சான்டா பார்பராவில் ஸ்டக்கியின் ஆய்வகத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். அவர் எடுத்துக்கொண்டது பிஏஎஸ்எஃப் நிறுவனம் விற்கும் புளூரானிக் பி123 என்ற பாலிமர். நடுத்துண்டு நீரைக் கண்டால் ஒதுங்கும். இரண்டு முனைகளும் நீரோடு ஒட்டும். மின்சுமை கிடையாது. செட்டில் சோப்பின் பக்கத்தில் வைத்தால் பூதம் போன்ற மூலக்கூறு. மிச்சிகன் ஏற்கெனவே கையில் எடுத்துப் பார்த்த இனம்தான்.

அவர் மாற்றியது கலத்தின் தன்மையை. நடுநிலைக் கரைசலுக்குப் பதிலாகக் கடும் ஹைட்ரோகுளோரிக் அமிலம், 35 டிகிரி சூடு, மேலே சிலிக்கா.

அமிலத்தில் சிலிக்கா நேர்மின்சுமையோடு நிற்கும். பாலிமருக்கோ சுமையே இல்லை. அப்படியிருக்க, இந்த இரண்டும் ஒன்றையொன்று எதைக் கொண்டு பிடித்துக்கொள்ளும்? பிடித்துக்கொண்டாலும், மிச்சிகனில் கலைந்த அணிவகுப்பு இங்கே ஏன் கலையாமல் இருக்க வேண்டும்?

(தொடரும்)